அதியமான் பெருவழியும் அர்ச்சிராதி மார்க்கமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க ஏரியூருக்கு எழுந்தருளியிருக்கும் பாகவதோத்தமர்களே!

தாங்கள் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு வழியைக் கடந்தே இவ்வூரை அடைந்திருக்கிறீர்கள். மேச்சேரிப் பக்கமிருந்து வந்தோர் பெரும்பாலை வழியாக வந்திருப்பீர்கள். காவிரிக்கு அப்பாலுள்ளோர் பண்ணவாடியில் பரிசல் ஏறி நாகமரையில் இறங்குவது நெடுநாளைய வழக்கம். சேலத்திலிருந்து நெடுஞ்சாலையில் தருமபுரி வந்து, பென்னாகரம் வழியாக வருவோர் தொப்பூர்க் கணவாயில் ஏறி வருகின்றனர். கணவாயைக் கடக்கும்போது வண்டியின் ஓசை மாறுகிறது. காது சற்றே அடைக்கிறது. இருமருங்கும் மலை நெருங்குகிறது. சில நிமிஷங்களில் அது முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்தச் சில நிமிஷ வழிக்குள் ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது. அதனைச் சிறிது சிந்தித்து, அதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடத்தையும் விண்ணப்பிப்பதே இவ்வியாஸத்தின் நோக்கம்.

கணவாயின் அமைப்பு

தருமபுரிச் சீமை மேட்டுநிலம். சேலம் அதனினும் தாழ்ந்த சமவெளி. இரண்டிற்கும் இடையே மலைத்தொடர்கள் குறுக்கிட்டு நிற்கின்றன. அத்தொடர்களில் இயற்கை விட்டுவைத்த இடைவெளியே தொப்பூர்க் கணவாய். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கொங்கு நாட்டிற்கும் சோழ நாட்டிற்கும் இறங்குவோர்க்கும், அங்கிருந்து மேலே ஏறுவோர்க்கும் இதுவே எளிய வாயில். மலையில் வழி அமைப்பவன் மனிதன் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நீர் ஓடிய தடத்தை விலங்கு கண்டது. விலங்கு நடந்த தடத்தை மனிதன் கண்டான். மனிதன் நடந்த தடத்தில் பொதிமாடும், பின்னர் வண்டியும் சென்றன. இன்று நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையும், ஓமலூரிலிருந்து தருமபுரி செல்லும் இருப்புப்பாதையும் இந்த இடைவெளியையே நாடிச் செல்கின்றன. காலம் மாறினும் மலை வாயிலை மாற்றவில்லை.

கடற்கரையில் விளையும் உப்பு மேட்டு நாட்டார்க்கு வேண்டும். மேட்டு நாட்டுத் தானியமும், தேனும், நெய்யும், இரும்பும் கீழ்நாட்டார்க்கு வேண்டும். ஒருவரிடத்தில் உள்ளது மற்றொருவரிடத்தில் இல்லாமையே வாணிபத்திற்கு வித்து. ஆகவே கணவாய் என்பது மலையிலுள்ள பிளவு மாத்திரமன்று; இரு நாட்டாரின் தேவைகள் சந்திக்கும் இடமும் ஆகும்.

அசோகன் சாசனமும் அதியமானும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாரததேசத்தை ஆண்ட அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனத்தில், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்போரோடு ‘ஸதியபுத்திரர்’ என்றொரு மரபினரும் கூறப்படுகின்றனர். இவர் யாவர் என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. 1981-ஆம் ஆண்டு திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அந்த ‘ஸதியபுத்திரர்’ என்னும் மரபுப்பெயரோடு சேர்ந்தே காணப்பட்டது. தகடூர் என்னும் இன்றைய தருமபுரியை ஆண்ட அதியர் மரபே அசோகன் அறிந்திருந்த மரபு என்பது அதனால் தெளிவாயிற்று.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இம்மரபினரைக் கூறும் அதே சாசனம், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும், வழிகளில் கிணறுகள் தோண்டி மரங்கள் நடப்பட்டதையும் கூறுகிறது. அக்காலத்து மன்னன் தன் பெருமையாகக் கல்லில் பொறிக்கத் தகுந்தது என்று கருதியது வழிநடைப் பயணியின் தாகத்தைத் தீர்த்ததையே! மனிதரோடு விலங்கையும் சேர்த்துச் சொன்னதும் கருதத்தக்கது. கணவாயில் சுமையை இழுப்பது எருதேயன்றோ?

நம் ஏரியூருக்கு அண்மையிலுள்ள பெரும்பாலையில் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நிகழ்த்தினர். குறியீடுகள் கீறிய பானையோடுகள் அங்குக் கிடைத்தன. ஆகவே இப்பகுதி நாம் நினைப்பதுபோல் வெறுங்காடாக இருந்ததன்று. பண்டே மக்கள் வாழ்ந்து வழங்கிய பூமியாகும்.

சேம அச்சு

அதியமானுடைய மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனுக்கு உவமையாக மலையையோ கடலையோ கூறவில்லை. உப்பு வண்டியின் ஓர் உறுப்பைக் கூறினார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டின் கருத்து இது: எருதுகள் நுகம் பழகாத இளையவை, வண்டியிலோ பண்டம் மிகுதி, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் யாது நேருமோ, யார் அறிவார்? அதனால் உமணர்கள் வண்டியின் கீழே வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினியே, நீ அத்தகையவன் என்பது புலவர் வாக்கின் சாரம்.

கணவாயில் ஏறி இறங்கிய நாட்டிலன்றி வேறெங்கே இந்த உவமை தோன்றும்! சேம அச்சு ஒருவர் கண்ணிலும் படாது. நல்ல வழியில் அதற்கு வேலையும் இல்லை. மேல் அச்சு முறிந்த அந்த நொடியில்தான் அதன் அருமை தெரியும். ப்ரபந்நன் எம்பெருமானிடத்தில் வைக்கும் மஹாவிச்வாஸமும் இவ்வாறே என்று அடியேன் கருதுகிறேன். நம் முயற்சி என்னும் அச்சு ஓடும்வரையில் ஓடட்டும். அது முறியும் இடத்தில் தாங்குபவன் அடியிலேயே கட்டுண்டிருக்கிறான். அன்புக்குக் கட்டுப்படுதல் அவனுக்குப் புதிதன்றே!

காதம் காட்டும் கற்கள்

இனி இவ்வியாஸத்தின் முக்கிய விஷயத்திற்கு வருவோம். தொப்பூர்க் கணவாயை ஒட்டிய முத்தம்பட்டி, பாங்குநத்தம் ஆகிய ஊர்ப்பகுதிகளில் பழைய மைல்கற்கள் கண்டெடுக்கப்பட்டன. முத்தம்பட்டி என்றவுடன் அங்குக் காட்டிடையே எழுந்தருளியிருக்கும் ஆஞ்சநேய ஸ்வாமி தங்கள் நினைவுக்கு வருவார். அக்கற்கள் கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. ‘அதியமான் பெருவழி’ என்று வழியின் பெயரையும், நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு உள்ள தூரத்தையும் அவை தெரிவிக்கின்றன. ஒன்றில் 27 காதம். மற்றொன்றில் 29 காதம். காதம் என்பது பழைய வழியளவை. ஏறத்தாழப் பத்து மைல் என்பது பிற்கால வழக்கு. இடத்திற்கு இடம் அது வேறுபடும்.

இக்கற்களின் சிறப்பு எழுத்தில் மாத்திரம் இல்லை. தூரம் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்பட்டதோடு, கல்லில் குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்று பத்துக் காதத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்று ஒரு காதத்தைக் குறிக்கும். இரண்டு பெரிய குழிகளும் ஏழு சிறிய குழிகளும் இருந்தால் இருபத்தேழு காதம் என்று கொள்க.

அடியேன் இளமை முதல் ஸம்ஸ்க்ருத பாடசாலையில் பயின்றவன். இக்கல்லின் படம் முதன்முதலில் கைக்கு வந்தபோது எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதிலேயே என் கருத்துச் சென்றது. குழிகளைப் பல்லாங்குழி ஆட்டத்திற்காகப் பிற்காலத்தார் குடைந்தவை என்று எண்ணி ஒதுக்கிவிட்டேன். திருவீதிப் புறப்பாட்டில் குடை பிடிக்கும் முதியவர் ஒருவர் அப்போது அருகில் இருந்தார். எழுத்தறியாதவர், பல்லாண்டு பால் விற்று ஜீவனம் செய்தவர். படத்தை வாங்கிப் பார்த்த அவர் எழுத்துப் பக்கம் கண்ணையே செலுத்தவில்லை. விரலால் குழிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, “சாமி, இது கணக்குங்க. பெருசு பத்து, சிறுசு ஒண்ணு. சொவத்துல பால் கணக்குக்கு நாங்க இப்படித்தான் புள்ளி வெப்போம்” என்றார். பின்னர் அறிஞர் கூறியதைப் படித்தபோது அவர் சொன்னதே சரியென்று கண்டேன். எந்தக் கல் யாருக்காக நடப்பட்டதோ அவர் அதனைப் படித்துவிட்டார். படித்தவன் என்று பெயர்பெற்ற அடியேனால் அது இயலவில்லை.

அக்கல்லை நட்டவனின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்த வணிகன் எழுத்தைப் படிப்பான். பொதிமாட்டை ஓட்டிவரும் கூலியாள் என் செய்வான்? இருளில் வருபவன் என் செய்வான்? கண் மங்கிய கிழவன் என் செய்வான்? அவர்கள் தடவிப் பார்த்தேனும் தூரத்தை அறியட்டும் என்று ஒருவன் கருதியிருக்கிறான். கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில், பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற ‘இராசகேசரிப் பெருவழி’யின் கல்வெட்டு உள்ளது. அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இருமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழ நாட்டான் ஒன்றைப் படிப்பான். சேர நாட்டான் மற்றொன்றைப் படிப்பான். வழி எல்லோர்க்கும் உரியது. ஆகவே வழிகாட்டும் மொழியும் எல்லோர்க்கும் எட்டவேண்டும் என்பதே அக்காலத்தார் கொண்ட முறை.

சாத்தும் தாவளமும்

நாவற்றாவளம் என்னும் பெயரிலுள்ள ‘தாவளம்’ என்ற சொல், வணிகர் கூட்டம் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும். அக்கூட்டத்திற்குத் தமிழில் சாத்து என்று பெயர். ஸம்ஸ்க்ருதத்தில் ஸார்த்தம் என்பர். அதன் தலைவன் ஸார்த்தவாஹன். மஹாபாரதத்து நளோபாக்யானத்தில் காட்டில் தனித்துவிடப்பட்ட தமயந்தி இத்தகைய ஸார்த்தம் ஒன்றைக் கண்டே உயிர் தரித்தாள். அந்தக் கூட்டமும் இரவில் தங்கிய இடத்தில் யானைகளால் மிதியுண்டு சிதறியது என்று அவ்வரலாறு கூறும். வழியில் உள்ள அபாயம் அத்தகையது. யக்ஷன் வினவிய வினாக்களுள் ஒன்று, பயணம் செல்பவனுக்கு நண்பன் யார் என்பது. உடன்செல்லும் ஸார்த்தமே என்றார் தர்மபுத்திரர்.

திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுவினர் தமக்குக் காவல்வீரர்களையும் உடன்கொண்டே சென்றனர். தருமபுரிச் சீமையெங்கும் காணப்படும் நடுகற்கள், ஆநிரையையும் ஊரையும் காக்கும் பொருட்டு உயிர் நீத்தவர்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. தருமபுரியிலுள்ள அகழ்வைப்பகத்திற்குச் செல்வோர் அவற்றைக் காணலாம். கணவாயைக் கடந்து தருமபுரியை நெருங்கும் வழியில் அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் ஸந்நிதி உள்ளது. அதன் மண்டப விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. மலையேறி வந்து களைத்தவன் அண்ணாந்து நோக்கினால் இராமபிரானும் வனவழியில் நடப்பதைக் கண்டு ஆறுதல் கொள்வான். தாங்களும் திரும்பும்போது அவசியம் சேவிக்க வேண்டுகிறேன்.

படைகள் வந்த வழி

உப்பு வந்த வழியிலேயே வாளும் வந்தது. கி.பி. 1311-இல் மாலிக் காபூரின் படை துவாரஸமுத்திரத்திலிருந்து தமிழகத்தில் இறங்கியபோது கடந்த கணவாய்களுள் ஒன்று தொப்பூர் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உளர். 1790-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திப்பு சுல்தானின் படை இக்கணவாய் வழியே தெற்கே இறங்க, ஜெனரல் மெடோஸின் ஆங்கிலப் படை அதனைத் தொடர்ந்து இறங்கியது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையால் பாராமஹால் என்னும் இச்சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. காப்டன் ரீட் அதன் நிர்வாகத்தை ஏற்க, அவர்கீழ் அலுவல் பார்த்த தாமஸ் மன்றோ தருமபுரியில் சில ஆண்டுகள் தங்கினார்.

வழிக்கு நல்லார் பொல்லார் என்ற பேதம் இல்லை. அது எவரையும் தடுக்காது, எவரையும் அழைக்காது. நடப்பவன் கொண்டுசெல்வதைப் பொறுத்தே அது புண்ணிய மார்க்கமும் ஆகும், நாசமார்க்கமும் ஆகும்.

ஆசார்யர்கள் நடந்த மலைவழி

நம் ஸம்ப்ரதாயத்திற்கும் மலைவழிகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சோழ மன்னனால் நேர்ந்த துன்பத்தால் உடையவர் திருவரங்கத்தை விட்டு வெள்ளை உடுத்து மேல்நாட்டிற்கு எழுந்தருளினார். அவர் சென்றது தொப்பூர் வழி அன்று. மேற்கே நீலகிரிச் சாரல் என்பர் பெரியோர். இரவும் மழையும் குளிருமாய் மலைக்காட்டில் தவித்த அக்கோஷ்டியை எதிர்கொண்டவர் யாவர்? வேடர்கள்! நல்லான் சக்ரவர்த்தியின் உபதேசம் பெற்ற அவ்வேடர்கள் தீ மூட்டிக் குளிர் காய்த்து, தேனும் தினைமாவும் ஸமர்ப்பித்து, மறுநாள் வழியும் காட்டி உடன் வந்தனர் என்று குருபரம்பரை கூறும். வேதாந்தத்திற்கு ஸ்ரீபாஷ்யம் செய்தருளிய மஹாசார்யருக்கு அன்றிரவு ஸார்த்தமாய் நின்றவர்கள் ஏட்டைத் தொடாத வேடர்களே.

பின்னர் 1323-இல் திருவரங்கத்தைத் துருக்கர் படை சூழ்ந்தபோது நம்பெருமாளே மலைவழிகளில் எழுந்தருள நேர்ந்தது. மலையாளம், திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் தங்கி, 1371-இல் கோபணார்யரால் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தார். நிகமாந்த மஹாதேசிகனும் அக்காலத்தில் கொள்ளேகாலத்தை அடுத்த ஸத்யாகாலத்தில் தங்கினார் என்பது ஸம்ப்ரதாயம். நம் நாகமரைத் துறைக்கு வரும் காவிரியே அவ்வூரையும் தொட்டு வருகிறது.

அக்காவிரிக் கரையிலும் பழைய வழிகள் பல இருந்தன. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் கரையோர ஊர்களும் வழிகளும் நீருள் மறைந்தன. நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியருகே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிப்படுவதைத் தாங்கள் கண்டிருக்கலாம். மறைந்த ஊருக்கு அதுவும் ஒரு மைல்கல் போலும்.

அடையாளமா, ஆதிவாஹிகரா?

இப்பொழுது முடிவான விஷயத்தை விண்ணப்பிக்கிறேன். முக்தி பெறும் ஆத்மா பரமபதத்திற்குச் செல்லும் வழி அர்ச்சிராதி மார்க்கம் எனப்படும். அர்ச்சிஸ், பகல், வளர்பிறை, உத்தராயணம், ஸம்வத்ஸரம் என்று உபநிஷத்து அதனை வரிசையாகக் கூறுகிறது. பிள்ளை லோகாசார்யர் ‘அர்ச்சிராதி’ என்று ஒரு ரஹஸ்ய க்ரந்தமே அருளினார். ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயத்தில் இதுபற்றி ஒரு விசாரம் உண்டு. இவை வழியின் அடையாளங்களா, அல்லது வேறொன்றா? ‘ஊரைவிட்டுப் புறப்பட்டு இந்த மரத்தை அடை, பின் அந்த ஆற்றை அடை’ என்று வழி சொல்வதுபோல் இவையும் அடையாளங்களே என்பது பூர்வபக்ஷம். அன்று, இவர்கள் ஆதிவாஹிகர்கள், அதாவது எம்பெருமான் நியமனத்தால் ஆத்மாவை எதிர்கொண்டு உடன் அழைத்துச் செல்லும் தேவதைகள் என்பது ஸித்தாந்தம்.

மைல்கல்லுக்கும் வழித்துணைக்கும் உள்ள பேதம் இதுவே. கல் தூரத்தைச் சொல்லும், நடக்காது. நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் கல்லும்கூட எழுத்தறியாதவனை மறவாமல் குழியால் பேசியது. அறிவும் நடையும் உடைய நாம் அக்கல்லினும் தாழலாமா?

இக்கேள்வியை அடியேன் முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். ஸந்நிதியில் நின்று ச்லோகங்களைச் சொல்கிறோம். ஸேவார்த்திகள் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்களுக்கு எட்டியது எவ்வளவு? பாஷ்யகாரர் எல்லோர்க்குமாகத் திருக்கோட்டியூர்த் திருமதிலேறிப் பேசினார் என்று பெருமை பேசும் நாம், எழுத்தின் பக்கத்தை மாத்திரம் காட்டிக் குழியின் பக்கத்தை மறைத்துவிடுகிறோமோ என்ற அச்சம் உண்டாயிற்று. ஆகையால் இவ்வுத்ஸவம் முதல், திருமஞ்சன காலத்தில் நடைபெறும் ஒவ்வொரு உபசாரத்தின் கருத்தையும் எளிய தமிழில் சொல்வதாக ஸங்கல்பித்துள்ளேன். விளங்காத இடத்தில் தாங்கள் தயங்காமல் கேட்கவேண்டும்.

தங்களிடத்தும் ஒரு ப்ரார்த்தனை உண்டு. உத்ஸவத்திற்கு வந்தவர் ஒவ்வொருவரும் இப்பொழுது ஒரே ஸார்த்தத்தைச் சேர்ந்தவர். முதியோர்க்குக் கைகொடுங்கள், வரிசையில் குழந்தையோடு நிற்பவளை முன்னே விடுங்கள், வழி கேட்பவனுக்கு விரலால் காட்டிவிட்டு நில்லாமல், இயன்றால் நான்கடி உடன் செல்லுங்கள். திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் விரைதல் வேண்டா. முற்காலத்து வண்டிக்காரன் இறக்கத்தின் முன் எருதை நிறுத்தி அச்சைச் சோதித்தான். இக்காலத்தார் சோதிக்க மறந்ததால் அவ்விறக்கம் பல குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியிருக்கிறது. தடையைச் சோதித்து, மெதுவான கதியில் இறங்குங்கள். சுமை மிகுந்த வண்டி முன்னே சென்றால் பொறுத்துப் பின்செல்லுங்கள்.

வழியையும், வழித்துணையையும், வழியின் முடிவையும் தானேயாக நிற்கும் எம்பெருமான் தங்கள் அனைவரையும் க்ஷேமமாக இல்லம் சேர்த்து, அடுத்த உத்ஸவத்திற்கும் அழைத்துவருவானாக.

அடியேன் ராமாநுஜதாஸன்,
திருக்கோயில் அர்ச்சகன், ஏரியூர்.

சுபம்